தகுதி பார்த்துத் தரும் கூரை

2015ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரத்திலிருந்து ஓர் அறிவிப்பு வெளிவந்தது. வெற்றி முரசு கொட்டும் அறிவிப்பு. பகைவர் கோட்டை பிடிபட்டது என்பதல்ல செய்தி. புதுப் பாலம் திறக்கப்பட்டது என்பதுமல்ல. எமது நகரத் தெருவில் வீடின்றி வாடும் முன்னாள் படைவீரர் என்றொரு கூட்டம் இனி இல்லை என்பதே செய்தி! முந்தைய ஓராண்டில் 227 படைவீரர் தெருவிலிருந்தும் தற்காலிக விடுதிகளிலிருந்தும் வீடுகளுக்குக் குடியேற்றப்பட்டனர் என்றார் நகர மேயர் மிட்ச் லாண்ட்ரியூ.

கேட்டதும் மகிழ்ந்தோம். மகிழ்ந்த மறுகணம் ஒரு கேள்வியும் எழுந்தது. நாட்டுக்காகத் துப்பாக்கி ஏந்தியவனுக்குத் தலைசாய்க்க ஓர் இடம் கிடைத்தது என்பதை வெற்றிச் செய்தியாக முழங்க வேண்டிய நிலை, உலகின் பெருஞ்செல்வ நாட்டுக்கு ஏன் வந்தது? ஒரு நகரத்தில் முடிந்தது எல்லா நகரங்களிலும் முடியாமற் போனது ஏன்? படைவீரனுக்குக் கிடைத்த கூரை, அவன் பக்கத்தில் அதே பாலத்தடியில் படுத்திருந்த பட்டாளம் காணாத ஏழைக்குக் கிடைத்ததா?

குறை காண்பதற்கென்றே கண்ணாடி அணிந்து திரிவோரல்லர் நாம். அங்கே பாடுபட்டோரின் உழைப்பு பெரிது, பாராட்டுக்குரியது. ஆனால், பாராட்டு வேறு, ஆராய்ச்சி வேறு. நல்ல காரியம் என்பதற்காக அதை உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாகாது என்றால், அது பக்தி ஆகுமேயன்றிப் பகுத்தறிவு ஆகாது. ஆகவே உரைத்துப் பார்ப்போம்.

படைவீரனுக்கு மாலை சூட்டுவதில் எந்த நாடும் பின்தங்குவதில்லை. மாலை வாடிய பிறகுதான் நாட்டின் மனம் தெரியும். முதல் உலகப் போரில் போரிட்டுத் திரும்பிய அமெரிக்க வீரர்களுக்கு ஊக்கத் தொகை ஒன்றை 1924ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. வழங்கியது என்றா சொன்னோம்? தவறு. 1945இல் வழங்குவதாக வாக்களித்தது. இடையிலே வந்தது பெரும் பொருளாதார வீழ்ச்சி. வேலை போயிற்று, வீடு போயிற்று. பசி இன்று, பணம் 1945இலா என்று கேட்டுக்கொண்டு, 1932ஆம் ஆண்டில் ஏறத்தாழ இருபதாயிரம் வீரர்கள், பலர் மனைவி மக்களோடு, தலைநகர் வாசிங்டனுக்குத் திரண்டு வந்தனர். ஆற்றங்கரையில் தகரமும் அட்டையும் கொண்டு குடிசைகள் அமைத்தனர். அரசு விடை தந்தது; பணமாக அல்ல. சூலை 28ஆம் நாள் தளபதி மக்ஆர்தர் தலைமையில் குதிரைப்படை வந்தது, டாங்கிகள் வந்தன, கண்ணீர்ப் புகை வந்தது. குடிசைகள் எரிந்தன. நேற்று எந்தப் படையில் நின்று போரிட்டார்களோ, அந்தப் படையே அவர்களை விரட்டிற்று! அந்தத் தொகை அவர்கள் கைக்கு வந்ததோ 1936இல், குடியரசுத் தலைவரின் மறுப்பையும் மீறிக் காங்கிரசு சபை சட்டம் செய்த பிறகு.

இந்தப் பாடம் வீணாகவில்லை. இரண்டாம் உலகப் போர் முடியும் முன்னரே, 1944இல், திரும்பி வரும் வீரருக்குக் கல்வி, வீட்டுக்கடன், வேலையற்ற காலத்துக்கு உதவி என அனைத்தும் தரும் சட்டம் இயற்றப்பட்டது. மகத்தான சட்டம். இலட்சக்கணக்கானோர் அதனால் வீடு பெற்றனர். ஆனால், எவர் பெற்றனர்? 1947ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் எடுத்த கணக்கைப் பாரீர். வீட்டுக்கும் தொழிலுக்கும் பண்ணைக்குமாக அரசின் பொறுப்புறுதியோடு வழங்கப்பட்ட கடன்கள் 3,229. அவற்றில் கறுப்பின வீரருக்குக் கிடைத்தவை எத்தனை? இரண்டே இரண்டு! சட்டத்தின் எழுத்தில் நிறம் இல்லை. கடன் தரும் வங்கியின் கண்ணில் நிறம் இருந்தது. குண்டு பாயும்போது மார்பின் நிறம் பார்க்கவில்லை; கூரை வேயும்போது பார்த்தார்கள். அன்று வீடு பெற்றவன் பிள்ளைக்குச் சொத்து வைத்தான். பெறாதவன் பிள்ளைக்கு வாடகைச் சுமையை வைத்தான். இன்று வீடற்ற படைவீரரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பதைத் தலையெழுத்து என்று சொல்வோர் சொல்லட்டும். அந்த எழுத்தை எழுதிய கைகள் எவை என்று 3,229இல் 2 என்ற கணக்கு காட்டுகிறது.

இனி, வீடற்றோருக்கு உதவி என்ற பெயரில் நெடுங்காலம் நடந்து வந்த முறையைக் காண்போம். அதற்கு ஓர் ஏணி உண்டு. முதற்படி, இரவு விடுதி. குடிப்பதை நிறுத்தினால் அடுத்த படி. மருந்து உண்டால், நன்னடத்தை காட்டினால், அதற்கடுத்த படி. எல்லாப் படிகளையும் வழுவாமல் ஏறி முடித்தவனுக்கு உச்சியில் வீடு. சமய நிறுவனங்கள் நடத்திய விடுதிகள் பலவற்றில் இன்னொரு படியும் இருந்தது: முதலில் சமயச் சொற்பொழிவு, பிறகுதான் சூப்பு! பசித்தவனுக்குச் சோற்றுக்கு முன் மறுமையைப் பரிமாறும் இந்த வழக்கத்தை, ஜோ ஹில் என்ற தொழிலாளர் பாவலர் 1911ஆம் ஆண்டிலேயே எள்ளி நகையாடிப் பாடினார்.

இந்த ஏணியின் அடியில் இருந்த எண்ணம் யாது? வீடு என்பது நல்லவனுக்குத் தரும் பரிசு. வீடற்றவன் முதலில் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது. பாலத்தடியில் பனியில் நடுங்குபவனிடம் குடியை விட்டு வா என்கிறார்கள். மாளிகையில் குடிப்பவனிடம் எவரும் அப்படிச் சொல்வதில்லை. அவன் வீட்டுப் பத்திரத்தில் அந்த விதி இல்லை!

1992ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலறிஞர் ஏணியைத் தலைகீழாக்கினார். மனநோயோடு ஆண்டுக்கணக்கில் தெருவில் கிடந்தோரைத் தேடிச் சென்று, என்ன வேண்டும் என்று அவர்களையே கேட்கும் பணியில் இருந்தவர் அவர். வீடு வேண்டும் என்பதே அவர்கள் விடை. சரி, முதலில் வீடு தருவோம். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு மருத்துவரையும் சமூகப் பணியாளரையும் வாயிலுக்கு அனுப்புவோம். மருந்துண்பதும் சிகிச்சைக்கு இசைவதும் அவர்கள் விருப்பம் என்றார். பித்தரிடம் வீட்டைக் கொடுக்கும் பித்தர் என்று சிரிக்கத் தோன்றும். ஐந்தாண்டு கழித்து எண்ணிப் பார்த்து 2000ஆம் ஆண்டில் ஆய்வு முடிவு வெளியிடப்பட்டது. முதலில் வீடு பெற்றோரில் நூற்றுக்கு 88 பேர் வீட்டில் நிலைத்திருந்தனர். ஏணி ஏறியோரில் நிலைத்தவர் 47 பேர். சிரிப்பு அடங்கிற்று. பின்னர்க் கனடா நாடு 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் சோதித்தது. முடிவு அதேதான். முதலில் வீடு பெற்றோரே அதிகம் நிலைத்தனர்.

இதில் நாம் நேர்மையோடு ஒன்று சொல்லியாக வேண்டும். வீடு குடிப்பழக்கத்தைத் தீர்க்கும் மருந்து என்றோ, மனநோயை ஓட்டும் மந்திரம் என்றோ இந்த ஆய்வுகள் மெய்ப்பிக்கவில்லை. அந்த நோய்களில் இரு பிரிவினருக்கும் இடையே பெரிய வேறுபாடு தென்படவில்லை. எதிர்ப்போர் இதைச் சுட்டிக் காட்டுகின்றனர், சுட்டுவது உண்மையே. ஆனால், காய்ச்சல்காரனுக்குக் குடை கொடுத்தால் காய்ச்சல் தீரவில்லையே என்று குடையைப் பறிப்போமா? வீடின்மைக்கு மருந்து வீடு. நோய்க்கு மருந்து மருத்துவம். மருத்துவமும் தாருங்கள் என்பது நியாயம். நோய் தீரும்வரை நனையட்டும் என்பது கொடுமை.

இந்த அறிவைக் கையிலேந்தித்தான் நகரங்கள் களத்தில் இறங்கின. 2009இல் மத்திய அரசு, ஐந்தாண்டில் படைவீரரின் வீடின்மையை ஒழிப்போம் என்று சூளுரைத்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே படைவீரருக்கான வாடகைச் சீட்டுத் திட்டம் பெரிய அளவில் உயிர் பெற்றிருந்தது. வீரன் தன் வருவாயில் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்கை வாடகையாகத் தருவான். எஞ்சியதை அரசு தரும். படைவீரர் நலத்துறைப் பணியாளர் ஒருவர் அவனுக்குத் துணை நிற்பார். ரோசன் ஹாகர்ட்டி என்ற பெண்மணியின் தலைமையில் 2010 முதல் 2014 வரை நடந்த ஓர் இயக்கம், 186 ஊர்களை ஒன்றிணைத்து 1,05,580 பேரை வீடுகளில் குடியேற்றியது.

இவர்கள் கையாண்ட முறையில் மாயம் ஏதுமில்லை. விடியற்காலையில் தன்னார்வத் தொண்டர் தெருத்தெருவாகச் சென்றனர். இத்தனை பேர் என்று தலை எண்ணுவதோடு நிற்கவில்லை. பெயர் என்ன, எத்தனை நாளாகத் தெருவில், என்ன நோய், படையில் இருந்தவரா என்று கேட்டு எழுதினர். அரசு அலுவலர், மருத்துவமனை, தொண்டு நிறுவனம், வீட்டு உரிமையாளர் என்று தனித்தனித் தீவுகளாய் இருந்தோர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒரே பெயர்ப் பட்டியலைப் படித்து, இவர் ஏன் இன்னும் வெளியே இருக்கிறார் என்று பெயர் பெயராகக் கேட்டனர். ஏழைகள் என்று பொதுவாகச் சொன்னால் பெருமூச்சு விடலாம். பெயர் சொன்னால் பெருமூச்சு போதாது, விடை வேண்டும்.

ஹூஸ்டன் நகரில் நூற்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் இவ்வாறு ஒன்றாயின. அதற்கு முன் அங்கே, தெருவில் கிடந்த படைவீரன் வீடு புக 720 நாள் காத்திருந்து 76 படிகளைத் தாண்ட வேண்டியிருந்தது. மலைக்கோயிலுக்குப் படியேறுவோர் உச்சியில் தெய்வத்தைக் காண்பதாகச் சொல்வர்; இந்தப் படிகளை ஏறியவன் உச்சியில் கண்டது இன்னொரு விண்ணப்பத் தாள்! 2022ஆம் ஆண்டளவில் அந்தக் காத்திருப்பு 32 நாளாகக் குறைந்தது. 2012 முதல் பத்தாண்டுகளில் 25,000க்கும் மேற்பட்டோர் அந்நகரில் வீடு பெற்றனர். இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபர்ட் என்ற சிறு நகரம், 2015இல் படைவீரரின் வீடின்மையையும் 2017இல் நெடுநாள் வீடின்மையையும் முடிவுக்குக் கொண்டு வந்ததாக அறிவித்தது.

முடிவு என்ற அந்தச் சொல்லைச் சற்று உற்று நோக்குவோம். ஒருவர்கூட இல்லை என்பதல்ல அதன் பொருள். ஒரு திங்களில் எத்தனை படைவீரரை வீட்டில் சேர்க்க அந்த ஊரால் இயலுமோ, அந்த எண்ணிக்கையைவிட வீடற்றோர் குறைவாக இருந்தால் முடிவு எனக் கொள்கின்றனர். நெடுநாள் வீடற்றோருக்கு அளவு வேறு. அவர்கள் மூவருக்குக் குறைவாக இருக்க வேண்டும். பெரிய ஊரானால் மொத்த வீடற்றோரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். இது சொற்சிலம்பம் என்று சிலர் நகைக்கின்றனர். நாம் நகைக்கவில்லை. மருத்துவமனையில் நோயாளியே இல்லாத நாள் வராது. வந்த நோயாளி வாயிலில் கிடந்து சாகாத நாள் வரலாம். அந்த அளவில் இந்த வரையறை நேர்மையானதே. ஆனால், வரையறை படித்தவருக்குத் தெரியும். முரசு கேட்டவருக்கு முடிந்தது என்ற சொல் மட்டுமே தெரியும். முடிந்தது என்று கேட்ட ஊரார் உறங்கப் போவர். பணம் தருவோர் பையை மூடுவர். வெற்றி அறிவிப்பே வேலையின் பகையாகும் இடம் இதுதான்.

இதனினும் பெரிய குறை, தகுதி என்னும் பழைய பேய் கதவு வழியே வெளியேறிச் சன்னல் வழியே திரும்பியதாகும். நெடுநாள் வீடற்றவர் என்ற பெயர் பெற வேண்டுமானால், உடலிலோ உள்ளத்திலோ ஊனம் இருக்க வேண்டும். தொடர்ந்து ஓராண்டு வீடின்றிக் கிடந்திருக்க வேண்டும், அல்லது மூன்றாண்டில் நான்கு முறையாவது வீடிழந்து, மொத்தம் 12 திங்கள் வெளியே கழித்திருக்க வேண்டும். பதினொரு திங்கள் துன்புற்றவன் என்ன செய்வது? இன்னும் ஒரு திங்கள் தவம் கிடக்க வேண்டும்!

படைவீரருக்குள்ளும் இந்தத் தரம் பிரித்தல் புகுந்தது. நற்சான்றின்றிப் படையிலிருந்து விலக்கப்பட்டோரில் பலருக்கு வாடகைச் சீட்டின் கதவு அடைபட்டிருந்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதைத் திறந்தது. இன்னும் கேளுங்கள். போரில் ஊனமுற்றோருக்கு அரசு தரும் ஈட்டுத் தொகை, வருவாய் என்று கணக்கிடப்பட்டது. ஊனம் மிகுந்தால் தொகை மிகும். தொகை மிகுந்தால் வருவாய் வரம்பைத் தாண்டும். தாண்டினால் ஏழைகளுக்கென்று கட்டிய வீடு கிடைக்காது. ஒரு கால் இழந்தவனுக்கு இடம் உண்டு, இரு கால் இழந்தவனுக்கு இல்லை என்று முடியும் இந்தக் கணக்கை எந்த மேதை வகுத்தாரோ! 2024 ஆகத்தில்தான் மத்திய வீட்டுவசதித் துறை அந்த விதியை மாற்றியது.

மாற்றத்துக்கு விசை தந்தவற்றுள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வீரர்கள் தொடுத்த வழக்கும் ஒன்று. அந்த நகரின் மேற்குப் பகுதியில், ஊனமுற்ற வீரர் வாழ்வதற்கென்றே 1888ஆம் ஆண்டில் தானமாகத் தரப்பட்ட நிலம் உண்டு. காலம் ஓடியது. நிலத்தின் மதிப்பு ஏறியது. வீரரின் மதிப்பு இறங்கியது. அந்த மண்ணில் பல்கலைக்கழகம் ஒன்றின் பேஸ்பால் திடல் எழுந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் தனியார் பள்ளியின் விளையாட்டுக் களம் எழுந்தது. வேலிக்கு வெளியே, நடைபாதையில், வீரர் கூடாரம் போட்டுக் கிடந்தனர். 2024 செப்டம்பரில் கூட்டாட்சி நீதிபதி டேவிட் கார்ட்டர், அந்தக் குத்தகைகள் செல்லா என்றும், அங்கே வீரருக்கு வீடுகள் கட்ட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார். அரசோ மேல்முறையீடு செய்தது! தானம் கொடுத்தவர் எண்ணம் ஏட்டில், திடல் மண்ணில்.

இத்தனைக்குப் பின்னும், எண்கள் சொல்லும் உண்மை ஒன்று உண்டு. இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வந்தது அதுவே. 2010ஆம் ஆண்டு சனவரியில் ஓர் இரவில் எடுத்த கணக்கில் வீடற்ற படைவீரர் 74,087 பேர். 2024 சனவரிக் கணக்கில் 32,882 பேர். பாதிக்கும் கீழே! அதே 2024இல் நாட்டின் மொத்த வீடற்றோர் 7,71,480 பேர். ஓராண்டில் நூற்றுக்கு 18 பங்கு ஏற்றம். நெடுநாள் வீடற்றோர் 2016இல் எண்பதாயிரத்துக்குள் இருந்தனர். 2024இல் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டினர்.

சிந்தித்துப் பாருங்கள். ஒரே நாடு, ஒரே குளிர்காலம், ஒரே வாடகைச் சந்தை. ஒரு பிரிவினர் குறைந்தனர், மற்றவர் பெருகினர். படைவீரன் குடிக்காதவனா? அவனுக்கு மனநோய் இல்லையா? போர்க்களத்தின் கொடுங்கனவுகள் அவனை உலுக்கவில்லையா? எல்லாம் உண்டு. வேறுபாடு ஒன்றே ஒன்று. அவனுக்கு வாடகைச் சீட்டும் மருத்துவமும் துணைப் பணியாளரும் ஒருங்கே கிடைத்தன. ஏனைய ஏழைகளிலோ, வாடகை உதவி பெறத் தகுதியுள்ள குடும்பங்கள் நான்கில் ஒன்றுக்கே அது கிட்டுகிறது. ஆகவே, வீடின்மை தீராத நோயன்று. மருந்து கண்டுபிடிக்கப்பட்டு, ஒருவனுக்குக் கொடுக்கப்பட்டு, அவன் பிழைத்தும் விட்டான். அடுத்த கட்டிலில் கிடப்பவனுக்கு அதை மறுத்துவிட்டு, நோய் கொடிது என்று கைவிரிப்பதை என்னென்பது?

முதலில் வீடு என்ற முறையைக் கையாண்டும் மொத்த எண்ணிக்கை ஏறிற்றே, முறை தோற்றதன்றோ என்று கேட்போர் உளர். ஓட்டைப் படகில் ஒருவன் நீரை இறைக்கிறான். உள்ளே புகும் நீர் அதனினும் மிகுதி. இறைப்பவனைக் குறை சொல்வதா, ஓட்டையை அடைப்பதா? வாடகை ஏறும் வேகத்தில் கூலி ஏறவில்லை. ஒரு கதவு வழியே நூறு பேரைக் குடியேற்றும்போது, மறு கதவு வழியே நூற்றிருபது பேர் தெருவுக்குத் தள்ளப்படுகின்றனர்.

ஆனால் ஆள்வோர் தேர்ந்த வழி வேறு. 2024 சூனில், ஒரிகன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் வழக்கில், படுக்க வேறிடம் இல்லாதவரேயாயினும் பொதுவெளியில் உறங்கினால் தண்டிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அங்கே அபராதம் 295 டாலர். வாடகைக்கு வழியில்லாதவனிடம் அபராதம்! 2025 சூலையில் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை, முதலில் வீடு என்ற கொள்கைக்குத் தரும் ஆதரவை நிறுத்தி, பழைய ஏணியின் பக்கமே துறைகளைத் திருப்பியது. 88ஐயும் 47ஐயும் அருகருகே வைத்துப் பார்த்த பின்னும் 47ஐத் தேர்வோரிடம் கணக்கு இல்லை. நல்லவனுக்கே கூரை என்ற பழைய நம்பிக்கை இருக்கிறது.

இளைஞர்களே! தொலைதூர நாட்டுச் செய்தி என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். துன்புறுவோனைக் கண்டதும், இவன் என்ன பாவம் செய்தானோ என்று கேட்கும் பழக்கம் எந்த ஒரு நாட்டுக்கும் தனியுடைமையன்று. முற்பிறப்பு என்று ஒருவர் சொல்வார். சோம்பல் என்று இன்னொருவர் சொல்வார். குடி என்று மற்றொருவர் சொல்வார். சொற்கள் வேறு, பயன் ஒன்று: கேட்பவன் கை மடங்கிக்கொள்ளும். ராக்ஃபர்ட்டிலும் ஹூஸ்டனிலும் வென்றோர் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்தினர். வேறு மூன்று கேள்விகளைக் கேட்டனர். இவர் பெயர் என்ன? இவருக்கு எது தடை? எந்த நாளில் சாவி தருவோம்?

பதக்கம் அணிந்தவனுக்குக் கூரை தந்தீர்கள், நன்று. பதக்கம் இல்லாதவன் மீதும் அதே மழைதான் பெய்கிறது. அவனுக்கு என்று தருவீர்கள்?